வீட்டுத் திரையரங்கிற்கு எளிய கன்ட்ரோலர்: ஊனோவா, ஈஎஸ்பி32-ஆ, ராஸ்பெரி பையா, பி.எல்.சி.யா?

தண்டையார்பேட்டை மாடி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் முதல் மாடியில் பத்துக்குப் பதினான்கு அடி அளவுள்ள அறையைப் படம் பார்க்கும் அறையாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். புரொஜெக்டரும், ஒலி-ஒளிக் கருவிகளை இணைக்கும் ஏ.வி. ரிசீவரும், மோட்டார் வைத்த சுருள் திரையும் வந்துவிட்டன. சுவரோரமாக 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை ஓடவிருக்கிறது, நடுவில் இருக்கும் சாதாரண 230 வோல்ட் விளக்கு, மின்விசிறி, ஏசி ஆகியவை பழையபடியே இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் திரை இறங்கி, புரொஜெக்டரும் ரிசீவரும் இயங்கத் தொடங்கி, விளக்குகள் மெல்ல மங்க வேண்டும். இன்னொரு பொத்தானில் இவை அனைத்தும் திரும்ப வேண்டும். இவ்வளவுதான் தேவை.

எனக்குச் சாலிடர் வைக்கத் தெரியும், அர்டுயினோவில் சிறு நிரல்கள் எழுதியிருக்கிறேன், ஆனால் 230 வோல்ட் பக்கம் பயம் உண்டு. அம்மா பகலில் அந்த அறையில்தான் தையல் இயந்திரம் வைத்திருக்கிறார். அவருக்குச் சுவர் சுவிட்ச் எப்போதும் வேலை செய்ய வேண்டும், கைப்பேசியை எடுத்து விளக்குப் போடு என்று அவரிடம் சொல்ல முடியாது. இந்த வேலைக்கு அர்டுயினோ ஊனோ என்ற எளிய கன்ட்ரோலர் பலகை போதுமா, வைஃபை உள்ள ஈஎஸ்பி32 பலகை வேண்டுமா, ராஸ்பெரி பை என்ற சிறு கணினிக்குப் போய்விடலாமா, அல்லது தொழிற்சாலைகளில் பயன்படும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிறியதொன்றை வாங்குவதே நிம்மதியா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பெரம்பூர் பை

என் ஓட்டு ராஸ்பெரி பைக்கு. அதில் ஹோம் அசிஸ்டென்ட் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு மென்பொருளை நிறுவிவிட்டால், ஒரே பொத்தானில் பல கருவிகளை இயக்கும் காட்சிகளை அமைப்பது, நேரம் குறிப்பது, கைப்பேசித் திரை என அனைத்தும் தயாராகக் கிடைக்கின்றன. நீங்கள் நிரல் எழுத வேண்டிய பகுதி மிகக் குறைவு. எச்.டி.எம்.ஐ. கம்பியிலேயே சி.இ.சி. என்ற ஒற்றை இழைத் தொடர்பு இருக்கிறது; பை அதை நேரடியாகப் பேசும் என்பதால் ரிசீவரை எழுப்பவும் உள்ளீட்டை மாற்றவும் ரிமோட்டைப் போல அகச்சிவப்பு ஒளியில் பேசும் ஐ.ஆர். சுற்றைத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. பின்னாளில் வீடு முழுவதையும் இணைக்க விரும்பினாலும் அதே பை தாங்கும். அனுபவமில்லாதவர் அடியிலிருந்து சுற்று கட்டத் தொடங்கி, பாதியில் விட்ட பெட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ராயபுரம் சாலிடர்

கன்ட்ரோலரின் பெயரை முடிவு செய்வதற்கு முன் ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தி கீறுங்கள். ஒன்றில் கன்ட்ரோலருக்குள் வருபவற்றையும் மற்றதில் அதிலிருந்து வெளியே போபவற்றையும் எழுதுங்கள். நீங்கள் சொன்னதை வைத்து நானே எழுதிப் பார்த்தேன். திரைக்கு இரண்டு ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்), நடு விளக்குக்கு ஒரு ரிலே, பட்டை விளக்கை மங்கச் செய்ய ஒரு பி.டபிள்யூ.எம். (வேகமாகப் போட்டு அணைக்கும் வெளியீடு), ரிசீவருக்கும் ஏசிக்கும் ஓர் ஐ.ஆர். அனுப்பி, புரொஜெக்டருக்குச் சீரியல் இணைப்பில் இரண்டு பின்கள் (இணைப்பு முனைகள்). உள்ளே வருபவை பொத்தான்களும், ரிசீவர் உண்மையில் இயங்குகிறதா என்று சொல்லும் ஒரு கம்பியும். எப்படிக் கூட்டினாலும் பத்துப் பின்களுக்குள் முடிகிறது. இதில் வேகம் ஒரு பொருட்டே அல்ல. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும், 2 கிலோபைட் நினைவகம் மட்டுமே உள்ள ஊனோவே இந்த வேலையைத் தூங்கிக்கொண்டே செய்யும். ஆகவே எது சக்தி வாய்ந்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, எது தகராறு குறைவு என்று கேட்க வேண்டும்.

ஊனோவின் குறை அதற்கு வலைத் தொடர்பு இல்லாததுதான். பெட்டியைச் சுவரின் உச்சியில் பொருத்திய பிறகு ஒரு நேர அளவை மாற்ற வேண்டுமென்றால் ஏணியும் மடிக்கணினியுமாக ஏற வேண்டியிருக்கும். வைஃபைக்குத் தனிப் பலகை சேர்த்தால் மொத்தச் செலவு ஈஎஸ்பி32-இன் விலையைத் தாண்டிவிடும். 2016-இல் வந்த ஈஎஸ்பி32 இரட்டைக் கருவுடன் 240 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை உள்ளேயே இருக்கிறது. நிரலைக் காற்று வழியாகவே மாற்றலாம். 38 கிலோஹெர்ட்ஸ் ஐ.ஆர். அலையைத் துல்லியமாக உருவாக்க அதற்குள் தனி வன்பொருளே உண்டு. அதற்கு முந்தைய ஈஎஸ்பி8266 இன்னும் மலிவு என்றாலும், பின்கள் குறைவாகவும் அவற்றில் சில தொடக்க நேரத்தில் அடம்பிடிப்பவையாகவும் இருப்பதால் உங்கள் எண்ணிக்கைக்கு அது சரிப்படாது.

பெரம்பூர் நண்பர் சொன்ன பை மிக நல்ல பொருள்தான், ஆனால் அது ஒரு முழுக் கணினி. நம் பக்கத்தில் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் எஸ்.டி. கார்டு அந்த நொடியில் மின்சாரம் இழந்தால், கோப்புகள் சிதைந்து மறுமுறை எழாமல் போவதற்கு வாய்ப்பு உண்டு. ஈஎஸ்பி32 ஓரிரு நொடிகளில் எழுந்து தன் வேலையைத் தொடங்கிவிடும். திரை மோட்டாரின் ரிலேயை நேரடியாகப் பையின் பின்னில் கட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. சந்தையில் கிடைக்கும் நீல நிற 5 வோல்ட் ரிலேயின் சுருள் ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. எந்தக் கன்ட்ரோலரின் பின்னும் அதை நேரடியாகத் தாங்காது. தயாராக விற்கும் ரிலே பலகைகளில் பல, பின் தாழும்போது இயங்குபவை. 5 வோல்ட்டுக்காக அமைக்கப்பட்ட அவற்றில் சிலவற்றுக்கு 3.3 வோல்ட் கொடுத்தால் ரிலே சரியாக விடுபடுவதில்லை. மின்னணுப் பொருள் கடைகள் உள்ள ரிச்சி தெருவில், ரிலேயை இயக்கும் சில்லான யு.எல்.என். 2003 என்று கேட்டு வாங்குங்கள், 3.3 வோல்ட்டுக்கே நன்றாக இயங்கும், சுருளிலிருந்து திரும்பும் உதைப்பைத் தாங்கும் டயோடுகள் உள்ளேயே இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் மேலாக, கன்ட்ரோலர் எழுந்திருக்கும் முன் பின்கள் அந்தரத்தில் இருக்கும் நேரத்தில் ரிலேக்கள் அணைந்தே இருக்கும். கரண்ட் திரும்பி வந்தவுடன் ஆளில்லாத அறையில் திரை தானாக இறங்கக் கூடாது அல்லவா.

மணலி பேனல்

தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பேனல் கட்டுவது என் தொழில் என்பதால் பி.எல்.சி. சார்பாக ஒருவர் பேச வேண்டும். சீமென்ஸ் லோகோ போன்ற ஒன்றில் எட்டு உள்ளீடும் நான்கு ரிலே வெளியீடும் அதே பெட்டிக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு ரிலேயும் 10 ஆம்பியர் தாங்கும். டின் ரெயில் என்ற உலோகப் பட்டையில் மாட்டி ஸ்குரூவை இறுக்கினால் வேலை முடிந்தது. தனி டிரைவரோ சாலிடரோ வேண்டாம். பல ஆண்டுகள் கழித்து வேறொருவர் வந்து திறந்தாலும் அதன் நிரலான லேடர் வரைபடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். உங்கள் ஈஎஸ்பி நிரலை நீங்களே மறந்திருப்பீர்கள். அதே சமயம் உங்கள் தேவையில் பாதி, ரிமோட் பேசும் வேலையாக இருக்கிறது, அதைப் பி.எல்.சி. செய்யாது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். விலையும் பல மடங்கு.

எந்தக் கன்ட்ரோலரை வாங்கினாலும் திரை மோட்டாரை மட்டும் நான் சொல்வது போல் கட்டுங்கள். திரைச் சுருளுக்குள் இருக்கும் அந்த டியூப் மோட்டாரில் நான்கு கம்பிகள் வரும்: நியூட்ரல், எர்த், மேலே போவதற்கான பேஸ், கீழே வருவதற்கான பேஸ். மேலே, கீழே இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பேஸ் போனால் மோட்டாரின் சுற்று கெட்டுவிடும். மேலே ஒரு ரிலே, கீழே ஒரு ரிலே என்று கட்டிவிட்டு, இரண்டும் ஒன்றாக இயங்காமல் நிரல் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பதுதான் இணையத்தில் பரவலாகக் காணப்படும் முறை. நிரல் ஒரு கணம் தடுமாறினாலோ, ஒரு ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டாலோ மோட்டார் போய்விடும். அதற்குப் பதிலாக முதல் ரிலேயை வெறும் இயக்கு, நிறுத்து என்பதற்கு வையுங்கள். அதிலிருந்து வரும் பேஸை இரண்டாவது ரிலேயின் நடு முனையில் கொடுங்கள். அந்த ரிலேயின் சாதாரண நிலையில் மூடியிருக்கும் முனையை மேல் கம்பிக்கும், இயங்கும்போது மூடும் முனையைக் கீழ்க் கம்பிக்கும் இணையுங்கள். இப்படிச் செய்தால் இரு திசைக்கும் ஒன்றாக மின்சாரம் போவதற்கு வழியே இல்லை. திசை மாற்றும்போது முதல் ரிலேயை விடுவித்து, ஒரு நொடி பொறுத்து, பிறகு இரண்டாவதை மாற்ற வேண்டும். திரை முழுவதும் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அதற்கு மேல் சில நொடிகள் மட்டும் சேர்த்து முதல் ரிலேக்கு நேர வரம்பு வையுங்கள். பெரும்பாலான டியூப் மோட்டார்கள் நான்கு நிமிட அளவு தொடர்ந்து ஓடுவதற்கே அமைக்கப்பட்டவை.

திரையோடு வந்த சுவர் சுவிட்சை ரிலேக்களுக்கு இணையாகக் கட்டிவிடாதீர்கள். நிரல் திரையை இறக்கும் நேரத்தில் யாராவது சுவரில் மேல் பொத்தானை அழுத்தினால், நாம் தவிர்க்க நினைத்ததே நடக்கும். அந்தச் சுவிட்ச் கன்ட்ரோலருக்கு உள்ளீடாகவே வரட்டும்.

தண்டையார்பேட்டை மாடி

ஐயா, இரண்டு ரிலே யோசனைக்கு மிக்க நன்றி. இதை நான் எங்கும் படித்ததில்லை. இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. முதலாவது, நடு விளக்கைக் கன்ட்ரோலரும் சுவர் சுவிட்சும் ஒரே சமயத்தில் எப்படிக் கையாள்வது? இரண்டாவது, என் ரிசீவரின் ரிமோட்டில் ஒரே பவர் பொத்தான்தான் இருக்கிறது. ஏற்கெனவே யாரோ போட்டுவைத்திருந்தால் கன்ட்ரோலர் அனுப்பும் சமிக்ஞை அதை அணைத்துவிடாதா?

வியாசை வயரிங்

தம்பி, விளக்குக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், மற்றவை எனக்கு எட்டாதவை. மாடிப்படி விளக்கைக் கீழேயும் மேலேயும் போட்டு அணைக்கிறோமே, அதே டூ-வே இணைப்புதான் இங்கும். சுவரில் உள்ள சாதாரண சுவிட்சைக் கழற்றிவிட்டு டூ-வே சுவிட்ச் போடுங்கள். படியின் மறுமுனையில் இருக்க வேண்டிய சுவிட்சின் இடத்தில் மூன்று முனை கொண்ட ரிலே உட்காரும். சுவிட்சிலிருந்து ரிலேக்கு இரண்டு கம்பிகள் போகும், ரிலேயின் நடு முனையிலிருந்து விளக்குக்கு ஒன்று. கன்ட்ரோலர் செத்துப் போனாலும், அடாப்டரைப் பிடுங்கிவிட்டாலும், அம்மா சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும், மறுபடி தட்டினால் அணையும். மின்விசிறியைத் தொடாதீர்கள், அது இருக்கிறபடி இருக்கட்டும்.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலுக்கு அருகே உள்ள வீடுகளில் செம்புக் கம்பியின் முனை சீக்கிரமே கறுத்து, ஸ்குரூவுக்கு அடியில் பச்சை பூத்துவிடுகிறது. காசிமேட்டுப் பக்கம் போர்டைத் திறந்தாலே தெரியும். திரித்த கம்பியை அப்படியே ஸ்குரூவில் செருகாமல் ஃபெருல் என்ற உலோக முனை உறையைப் போட்டு அழுத்துங்கள், சாலிடர் இல்லாமல் செருகும் பிரெட்போர்டை நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள், சாலிடர் வைத்த பலகையின் மேல் காப்பு வார்னிஷ் தெளியுங்கள், ரிலே மீது மட்டும் படாமல். பெட்டிக்குள் 230 வோல்ட் ஒரு பக்கம், சிறிய வோல்ட் ஒரு பக்கம் என்று நடுவில் தடுப்பு இருக்க வேண்டும். அந்த அறைக்கென்று மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யும், வீட்டில் இல்லையென்றால் மின்கசிவில் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்ட பிறகே மற்ற வேலை. 230 வோல்ட் பக்கத்தை உரிமம் உள்ள ஒருவரை வைத்துச் செய்யுங்கள். உங்களுக்கு இருக்கும் பயம் நல்ல பயம்.

புதிய வாசகர், கொடுங்கையூர்

இத்தனை பாடு எதற்கு? கடையில் விற்கும் வைஃபை ஐ.ஆர். பெட்டி ஒன்றும் ஸ்மார்ட் பிளக் இரண்டும் வாங்கினால் போதாதா?

ராயபுரம் சாலிடர்

ரிசீவருக்கும் ஏசிக்கும் போதும். ஆனால் புரொஜெக்டரை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி மின்சாரத்தையே துண்டிப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். விளக்கு வகைப் புரொஜெக்டர், அணைத்த பிறகும் விசிறியை ஓடவிட்டு ஆறிக்கொள்ள வேண்டும். மேலும் அப்படிப்பட்ட பெட்டிகளில் பல, நிறுவனத்தின் சர்வரை நம்பி இருப்பவை. இணையம் இல்லாத அன்று பொத்தான் வேலை செய்யாது.

தண்டையார்பேட்டை நண்பரின் இரண்டாம் ஐயத்துக்கு வருகிறேன், ஏனெனில் வீட்டுத் திரையரங்கத் திட்டங்களில் பெரும்பாலானவை இங்கேதான் சறுக்குகின்றன. ரிமோட்டில் ஒரே பவர் பொத்தான் இருந்தாலும், பல ரிசீவர்கள் இயக்குவதற்கும் அணைப்பதற்கும் தனித்தனி ஐ.ஆர். குறியீடுகளை ஏற்றுக்கொள்கின்றன, அவை ரிமோட்டில் பொத்தானாக இடம்பெறாமல், தயாரிப்பாளரின் ஆவணத்தில் மட்டும் இருக்கும். முதலில் அதைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ரிசீவரின் பின்புறத்தில் 12 வோல்ட் டிரிக்கர் என்று 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ரிசீவர் இயங்கும்போது அதில் 12 வோல்ட் இருக்கும், அணைந்தால் போய்விடும். அந்த 12 வோல்ட்டை ஒரு கிலோ ஓம் மின்தடை வழியாகப் சமிக்ஞையை ஒளி வழியே கடத்தும் பி.சி. 817 ஆப்டோகப்ளருக்குக் கொடுத்து, மறுபக்கத்தைக் கன்ட்ரோலரின் உள்ளீட்டில் சேர்த்தால், ரிசீவரின் நிலையை ஊகிக்க வேண்டிய தேவையே இராது. அணைந்திருந்தால் மட்டும் பவர் குறியீட்டை அனுப்பலாம். டிரிக்கரும் இல்லை என்றால், அதன் யு.எஸ்.பி. துளையில் இயங்கும்போது மட்டும் 5 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கலாம்.

ஐ.ஆர். அனுப்பிக்குப் பெரிய சுற்று வேண்டாம். ஒரு டிரான்சிஸ்டர், 940 நானோமீட்டர் எல்.இ.டி., ஒரு மின்தடை, எல்.இ.டி.யை மெல்லிய கம்பியில் நீட்டி ரிசீவரின் ஐ.ஆர். கண்ணாடிக்கு மேலேயே ஒட்டிவிட்டால் குறி தப்பாது. பரவலான என்.இ.சி. ரிமோட் குறியீட்டு முறை 38 கிலோஹெர்ட்ஸ்; சோனி ரிமோட்டுகள் 40 என்பதால் ஐ.ஆர். நிரல் நூலகத்தில் சரியான வகையைத் தேர்ந்தெடுங்கள்.

புரொஜெக்டருக்கு ஐ.ஆர். வேண்டாம் என்பது என் கருத்து. பின்னால் ஒன்பது முனை ஆர்.எஸ். 232 சீரியல் துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். நாம் கட்டளை அனுப்பினால் அது பதில் சொல்லும், விளக்கு எரிகிறதா, ஆறிக்கொண்டிருக்கிறதா என்று கேட்கவும் முடியும். ஈஎஸ்பி32-இன் 3.3 வோல்ட்டுக்கும் ஆர்.எஸ். 232-இன் வோல்ட்டுக்கும் நடுவே மேக்ஸ் 3232 என்ற வோல்ட் மாற்றும் சில்லை வைக்க வேண்டும். பழைய மேக்ஸ் 232 என்பது 5 வோல்ட்டுக்கானது, கடையில் இரண்டையும் ஒன்றென்று சொல்வார்கள். பதிலே வரவில்லையென்றால் வேறெதையும் சந்தேகிக்கும் முன் 2, 3 ஆகிய முனைகளை மாற்றிப் பாருங்கள். லேன் துளை இருக்கும் புரொஜெக்டர் பி.ஜே. லிங்க் என்ற வலைவழிக் கட்டளை முறையை ஏற்குமானால் இந்தச் சீரியல் கம்பியே வேண்டாம். 4352 என்ற போர்ட்டில் எளிய எழுத்துக் கட்டளைகள் போதும்.

பட்டை விளக்கைப் பற்றி ஒரு சொல். மீட்டருக்கு 4.8 வாட் இழுக்கும் வகையில் ஐந்து மீட்டர் போட்டால் 24 வாட், அதாவது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர். இதற்கு மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் ஒன்று போதும், ஆனால் கடையில் ஐ.ஆர்.எஃப். 540 எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். அது முழுமையாகத் திறக்க 10 வோல்ட் கேட்கும், 3.3 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து சுடும். ஐ.ஆர்.எல்.இசட். 44 என் என்று எல் எழுத்தோடு கேளுங்கள். விளக்கின் அடாப்டரின் எதிர்முனையும் கன்ட்ரோலரின் கிரவுண்டும் இணைந்திருக்க வேண்டும். மங்கச் செய்யும்போது எண்ணை நேர்கோட்டில் குறைத்தால், வெகுநேரம் ஒன்றுமே நடக்காதது போல இருந்து கடைசியில் சட்டென்று இருண்டுவிடும். பாதி அளவு என்று கொடுத்தாலும் கண்ணுக்கு முக்கால் வெளிச்சமாகவே தெரியும். எனவே 2.2 என்ற அடுக்கு வைத்த அட்டவணை ஒன்றை நிரலில் சேர்த்துவிடுங்கள். நடு விளக்கை மங்கச் செய்ய முயலாதீர்கள். சாதாரண எல்.இ.டி. பல்பை டிரையாக் வைத்த மங்கல் சுற்றில் கட்டினால் துடிக்கும். அதற்குப் போடுவதும் அணைப்பதும் போதும்.

பெரம்பூர் பை

எஸ்.டி. கார்டு வாதத்தை ஒப்புக்கொள்கிறேன், எஸ்.எஸ்.டி.யிலிருந்து தொடங்கும் வசதி உண்டு என்றாலும். நிரல் எழுத வேண்டாம் என்ற என் பக்கத்தையும் விட்டுவிட மாட்டேன்: ஈஎஸ்பி32-இல் ஈஎஸ்பிஹோம் என்ற மென்பொருளை நிறுவினால், ரிலே, ஐ.ஆர்., மங்கல் ஆகிய அனைத்தையும் ஓர் அமைப்புக் கோப்பில் எழுதிவிடலாம். வெளிச்சத்துக்கான அடுக்குத் திருத்தமும், எழும்போது அணைந்தே இருக்க வேண்டும் என்ற கட்டளையும் அதிலேயே உள்ளன. பொத்தானை அழுத்தியதும் நடக்க வேண்டிய வரிசையை அந்தக் கோப்பிலேயே எழுதினால், வைஃபை இல்லாத நேரத்திலும் அறை இயங்கும். ஆனால் ஒரு வரியைக் கவனியுங்கள்: சர்வர் தொடர்பு கிடைக்காவிட்டால் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் தானாக மறுதொடக்கம் செய்துகொள்வது அதன் இயல்பு. ஹோம் அசிஸ்டென்ட் வைக்காதவர்கள் அந்த நேரத்தைச் சுழியம் என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் படத்தின் நடுவே விளக்கு எகிறும்.

தண்டையார்பேட்டை மாடி

முடிவு எடுத்துவிட்டேன். ஈஎஸ்பி32, யு.எல்.என். 2003, ஈஎஸ்பிஹோம்; திரைக்கு மணலி ஐயா சொன்ன இரண்டு ரிலே இணைப்பு; நடு விளக்குக்கு டூ-வே. 230 வோல்ட் வேலைக்கு எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் பேசிவிட்டேன், எம்.சி.பி.யையும் ஆர்.சி.சி.பி.யையும் அவரே போடுகிறார். சனிக்கிழமை மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போகிறேன். ரிசீவரில் டிரிக்கர் துளை இருக்கிறது. புரொஜெக்டரில் சீரியல் இருக்கிறது.

பின்களை இப்படிப் பிரித்திருக்கிறேன்: திரை ரிலேக்கள் 25, 26, விளக்கு ரிலே 27, பட்டை விளக்கு 18, ஐ.ஆர். 19; சீரியல் 16, 17; டிரிக்கர் உள்ளீடு 34; படம் தொடங்கும் பொத்தான் 12, முடிக்கும் பொத்தான் 32, திரைச் சுவர் சுவிட்ச் 21, 22. பொத்தான்கள் அழுத்தாதபோது மேல் நிலையில் (3.3 வோல்ட்டில்) இருக்கும்படி அமைக்கிறேன். சரிதானா?

ராயபுரம் சாலிடர்

12-ஐ மாற்றுங்கள். ஈஎஸ்பி32 எழும் கணத்தில் அந்தப் பின்னைப் பார்த்தே தன் ஃபிளாஷ் நினைவகத்தின் வோல்ட்டைத் தீர்மானிக்கிறது. நீங்கள் சொன்னபடி அது மேல் நிலையில் இருந்தால் 1.8 வோல்ட் என்று எடுத்துக்கொண்டு எழவே எழாது. பொத்தானை 33-க்குக் கொண்டு போங்கள். 34 வெறும் உள்ளீட்டுப் பின், அதற்கு உள்ளே மேலிழுப்பு மின்தடை கிடையாது. ஆப்டோகப்ளரின் வெளியீட்டிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் ஒன்றை நீங்களே போட வேண்டும். மற்றவை சரி. அடாப்டர் 5 வோல்ட், 2 ஆம்பியருக்குக் குறையாமல் வாங்குங்கள்.